மஞ்சு இட்ட முட்டைகள்

"எங்கட கோழி முட்டை போடுதில்லை எண்டு நாங்க கவலைப்படுறம் மிஸ். இந்த அக்கா, குருவி முட்டை போடுது எண்டு கவலைப்படுறா."

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சம்பூரில் நடந்த எமது பெண்கள் குழுக் கூட்டத்தில் ஓர் இளந்தாய் இப்படிச் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சுழற்சிக் கடன், தையல் மெஷின், காணி உறுதி, பிள்ளைகளின் பாடசாலை என்று கதைக்க வந்த இடத்தில் ஒரு லவ் பேட்ஸ் குருவியின் முட்டைக்கு என்ன இடம் இருக்கிறது என்பதுதான் அப்போது என் எண்ணம். அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த சிறிய பிளாஸ்ரிக் பெட்டியைத் திறந்து காட்டினார். பஞ்சின் மேல் நாவற்கொட்டையளவில் வெள்ளை முட்டைகள். எண்ணிப் பார்த்தேன். 11 இருந்தன.

"ஆண் குருவி இல்ல மிஸ். தனியத்தான் இருக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் போடுது. நான் எடுக்க எடுக்கப் போடுது. மெலிஞ்சு போச்சு."

நான் சமூகவியல் படித்துப் பட்டம் பெற்றவள். குருவி பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் எமது வேலையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஒன்றைக் கேட்டால் ஏதாவது ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைப்போம். "நீங்கள் செய்வது சரிதான் அக்கா. இட்டவுடன் எடுத்துவிடுங்கள். கண்ணில் படாவிட்டால் அந்த எண்ணம் போய்விடும்" என்றேன். அவரும் நம்பிப் போனார். அந்தப் பதில் எவ்வளவு பிழையானது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. சம்பூர்ப் பெண்கள் பலரின் கதைதான் அவருடையதும். 2006இல் ஷெல்லுக்கும் விமானக் குண்டுக்கும் பயந்து ஊர் கலைந்தபோது ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு என்று ஓடியவர். கணவரை அந்த ஓட்டத்திலேயே இழந்தார். பிறகு கிளிவெட்டி முகாம். ஊருக்குத் திரும்பக் கிடைத்தது 2016இல்தான். "கிளி எண்டு பேர் வைச்ச ஊரில ஒன்பது வருஷம் கூட்டுக்க இருந்தம்" என்று அவர் பகிடியாகச் சொல்வார். அவர் பகிடி சொல்லும்போது சிரிப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முகாமில் வளர்ந்த அந்த மகள்தான் 2021இல் திருகோணமலை நகரத்தில் ஒரு சோடிக் குருவிகளை வாங்கிவந்தாள். மஞ்சள் நிறத்தில் இருந்ததற்கு மஞ்சு என்று பெயர். மற்றது பச்சை. சில மாதங்களில் பச்சையைப் பூனை கொண்டுபோய்விட்டது. மஞ்சு தனியே கத்துகிறது என்று மகள் தன் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கூட்டுக்குள் கட்டிவிட்டாள். படுப்பதற்கு ஒரு மண்முட்டியும் கட்டினாள். 2022இல் விலைவாசி தாங்க முடியாமல் போனபோது அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். கடன்பட்டு வாங்கிய பெரிய போன் ஒன்றும் மஞ்சுவும்தான் அம்மாவுக்கு அவள் விட்டுச்சென்றவை.

கூட்டம் நடந்து இரண்டு கிழமை இருக்கும். இரவு 10 மணிக்கு அக்கா போன் எடுத்தார். குரல் நடுங்கியது.

"மஞ்சு கூட்டுக்குக் கீழ இருக்கு மிஸ். செட்டையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி மூடித் திறக்குது. முக்குற மாதிரி இருக்கு. வால் மேலயும் கீழயும் ஆடுது."

வந்தாறுமூலையில் என்னுடன் படித்த தோழி ஒருத்தியின் மச்சாள் அரச கால்நடை வைத்தியர். அந்த நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்தோம். முட்டை உள்ளே அடைபட்டிருக்கிறது என்று கேட்டவுடனேயே சொன்னார். போத்தலில் சுடுநீர் ஊற்றித் துணியால் சுற்றிக் கூட்டின் ஒரு பக்கத்தில் வையுங்கள், தண்ணீர் கிட்ட வையுங்கள், என்ன செய்தாலும் கையால் வயிற்றை அமத்தக் கூடாது, உள்ளே முட்டை உடைந்தால் குருவி செத்துவிடும், விடிந்ததும் கொண்டுவாருங்கள் என்றார். சிறு பறவைக்கு இது சில மணி நேரத்திலேயே உயிர் போகக்கூடிய விஷயம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அன்றிரவு அக்கா நித்திரை கொள்ளவில்லை. நானும்தான்.

காலையில் ஓட்டோவில் போனோம். கன்றுக்குட்டிக்கு ஊசி போட வந்தவர்களும் ஆட்டுடன் வந்தவர்களும் இருந்த வரிசையில் சப்பாத்துப் பெட்டிக்குள் குருவியை வைத்துக்கொண்டு நாங்கள் நின்றோம். யாரும் சிரிக்கவில்லை. முன்னால் நின்ற ஐயா ஒருவர் "உயிர்தானே, நீங்க போங்க" என்று வழிவிட்டார். டொக்டர் சூடு கொடுத்து, வாயில் கல்சியம் துளி விட்டு, எண்ணெய் தடவிப் பொறுமையாக இருந்து பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து முட்டை வந்தது. அதில் ஓடே இல்லை. ஈரத்தோல் போல மெத்தென்று இருந்தது.

"இது எத்தினையாவது முட்டை?"

"18ஆவது, டொக்டர்" என்றார் அக்கா.

"இடஇட எடுத்தீங்களா? யார் எடுக்கச் சொன்னது?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் எடுத்தன்" என்றார். நான் சொன்னதுதான் என்று நான் ஒப்புக்கொள்வதற்குள் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

டொக்டர் ஏசவில்லை. ஒரு கணக்குச் சொன்னார். இந்தக் குருவியின் நிறை 30, 40 கிராம். அதன் முட்டை ஏறத்தாழ 2 கிராம். 50 கிலோ நிறையுள்ள ஒரு பெண் ஒருநாள் விட்டு ஒருநாள் 3 கிலோவில் ஒரு பிள்ளை பெறுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் இது என்றார். முட்டை ஓட்டுக்குக் கல்சியம் வேண்டும். தினையில் அது போதியளவு இல்லை. எனவே உடம்பு தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. எலும்பிலும் குறைந்துபோனால் தசைக்குச் சுருங்கும் பலம் இல்லாமல் போய் முட்டை உள்ளே நின்றுவிடுகிறது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கல்சியம் குளிசை கொடுப்பது ஏன் என்று எமக்கெல்லாம் தெரியும். குருவிக்கும் அதே உடம்புக் கணக்குத்தான் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

எனக்கு வெட்கமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. தம்பலகாமத்தில் எங்கள் அம்மம்மா கோழி வளர்த்தவர். கோழி முட்டைகளைச் சேர்த்து வைத்தால் ஒரு பத்துப் பன்னிரண்டோடு அடைக்கு உட்கார்ந்துவிடும். அதனால் அம்மம்மா தினமும் எடுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் விட்டுவைப்பார். கோழி இன்னும் சேரவில்லை என்று நினைத்துத் தொடர்ந்து இடும். எடுத்தால் இடும், விட்டால் நிற்கும். சின்ன வயதில் கண்ணால் கண்டதை நான் மஞ்சு விஷயத்தில் பொருத்திப் பார்க்கவில்லை. காட்டுக்கோழி சாதாரணமாக 2 முதல் 4 முட்டைகளோடு அடைக்கு இருந்துவிடும். பண்ணைக் கோழி வருடத்துக்கு 300 இடுவது மனிதர் அதைத் தெரிந்து வளர்த்ததாலும், தீனியாலும், கூட்டில் எரியும் லைற்றாலும்தான்.

லைற் என்றதும்தான் டொக்டர் அடுத்த கேள்விக்கு வந்தார். "இரவில் குருவி எத்தனை மணிக்குப் படுக்கும்?"

அக்கா சொன்னது இது. மகளுக்கு அங்கே வேலை முடிய இரவு ஒன்பதரையாகும். அப்போது இங்கே நடுச்சாமம் 12 மணி. அதுவரை அக்கா விளக்கைப் போட்டுக்கொண்டு, ரீவியையும் போட்டுக்கொண்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பார். நித்திரை தூங்கினால் அழைப்புத் தவறிவிடும் என்ற பயம். பக்கத்தில் மஞ்சு. வாசலில் நின்றால் கொட்டியாரக்குடாவுக்கு அப்பால் துறைமுகத்துக் கப்பல்களின் வெளிச்சம் தெரியும். அதையும் இதையும் மஞ்சுவுக்குச் சொல்லிக்கொண்டு, அதன் முதுகைத் தடவிக்கொண்டு இருப்பார். அழைப்பு வந்ததும் மகள் முதலில் கேட்பது மஞ்சுவைத்தான்.

டொக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். நாம் லவ் பேட்ஸ் என்று சொல்லும் இந்தக் குருவிக்குச் சரியான பெயர் பட்ஜரிகார். அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்கு உரியது. ஜோன் கூல்ட் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர் 1840இல் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகுதான் அது உலகெங்கும் கூட்டுப் பறவையானது. அங்கே அது வருடம் முழுக்க முட்டை இடுவதில்லை. மழை பெய்து புல் விதை நிறையக் கிடைக்க வேண்டும். துணை வேண்டும். மரப்பொந்து வேண்டும். எல்லாம் கூடிவரும்போது 4, 5, 6 என்று இட்டு, 18 நாள் அளவில் அடைகாத்துப் பொரிக்கும். மழை பொய்த்தால் சும்மா இருக்கும். மஞ்சுவுக்கோ தினை எந்நேரமும் நிறைந்திருக்கிறது. வெளிச்சம் காலை 6 மணியிலிருந்து நடுச்சாமம் வரை. மண்முட்டி அதற்கு மரப்பொந்து. கண்ணாடிக்குள் தெரிவது அதன் துணை. முதுகைத் தடவுவது துணை செய்கிற காரியம். இத்தனையும் சேர்ந்து, இதுதான் நல்ல காலம், இடு இடு என்று அதன் உடம்புக்குச் சொல்கின்றன. பாசத்தில் செய்தவைதான் எல்லாம்.

"அப்ப நான் அதில பாசம் வைச்சதுதான் பிழையா?" என்று அக்கா கேட்டார். டொக்டர் இல்லை என்றார். வைக்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்றார்.

திரும்பி வரும் வழியில் அக்கா என்னை முதல் தடவையாக "புள்ள" என்று கூப்பிட்டார். "புள்ள, ஒண்டு ஞாபகம் வருது. 22இல கரண்ட் இல்லாமக் கிடந்த நாள்ல மஞ்சு முட்டையே போடல்ல. அதுக்கு முன்ன ரெண்டு போட்டது, பிறகு நிண்டுபோச்சு." அந்த மார்ச், ஏப்ரில் மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் இல்லை. பொழுதுபட்டால் எல்லோருமே படுத்துவிட்ட காலம். தினை விலையும் ஏறி, மஞ்சுவுக்கும் அளந்து போட்ட காலம். இருட்டினாலா தீனிக் குறைவினாலா நின்றது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுமாக இருக்கலாம். நாடே பட்ட கஷ்டத்தில் அந்தக் குருவிக்கு மட்டும் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கிறது.

அக்கா அந்த முட்டைகளை எடுத்தாரே தவிர எறியவில்லை. அது நல்லதாகப் போயிற்று. கடைசியாக இட்ட நான்கை அவித்து, ஆறவைத்து, முட்டிக்குள் திருப்பி வைத்தோம். ஆண் இல்லாமல் இட்டவை என்பதால் எப்படியும் பொரிக்கப்போவதில்லை. ஆனால் மஞ்சுவுக்கு அது தெரியாது. முதல் நாள் எட்டிப் பார்த்தது. அடுத்த நாள் ஏறி உட்கார்ந்தது. அதன்பின் ஒரு முட்டைகூட இடவில்லை. மூன்று கிழமை அந்த அவித்த முட்டைகளை அடைகாத்தது. தின்னவும் எச்சமிடவும் மட்டும் வெளியே வரும். பொரிக்காது என்று தெரிந்துகொண்டு அதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அக்காவுக்கு அப்படி இல்லை. "இருந்து பார்த்துத் தானா எழும்பட்டும். நாமளா எழுப்பக் கூடாது" என்றார். 21ஆம் நாளோ 22ஆம் நாளோ தானாகவே எழும்பிவிட்டது. அன்றைக்குத்தான் முட்டைகளையும் முட்டியையும் அகற்றினோம். கூட்டையும் வேறு மூலைக்கு மாற்றித் தடிகளை இடம் மாற்றிக் கட்டினோம். கூடு கட்டுவதற்குரிய பழக்கப்பட்ட இடம் என்ற எண்ணம் வராமல் இருக்க அது உதவும்.

தீனி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டினி போடக் கூடாது. சிறு பறவை ஒருநாள் பட்டினியைக்கூடத் தாங்காது. ஆனால் தினையை அளந்து போடலாம். சூரியகாந்தி விதை போன்ற கொழுப்புத் தீனியையும், அவித்த மெதுவான சாப்பாட்டையும் முட்டையிடும் காலத்தில் தவிர்க்கலாம். முருங்கையிலை, பொன்னாங்காணி கொடுக்கலாம். காலை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால்தான் உண்ணும் கல்சியம் உடம்பில் சேரும். கல்சியத்துக்குக் கடையில் எதுவும் வாங்கத் தேவையில்லை. எமது கடற்கரையில் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்கிறது. நாட்டு வைத்தியர்கள் கடல்நுரை என்பது இதைத்தான். உப்புப் போகும்வரை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, அவித்து, வெயிலில் காயவைத்துக் கூட்டில் கட்டிவிட்டால் குருவி தானாகவே கொறிக்கும். இப்போது சம்பூர்க் கரையில் நடக்கும்போதெல்லாம் என் கண் அதைத்தான் தேடுகிறது.

கடினமாக இருந்தவை மற்ற மூன்றும்தான். முதுகைத் தடவாமல் தலையையும் கழுத்தையும் மட்டும் தடவலாம் என்பதற்கு அக்கா ஒரு மாதிரிப் பழகிக்கொண்டார். கண்ணாடிக்குத்தான் கை வரவில்லை. மஞ்சு தின்ற தினையைக் கக்கி அந்தக் கண்ணாடிக்கு ஊட்டும். அதைப் பார்த்து, செத்துப்போன பச்சையை நினைத்துக்கொண்டு ஊட்டுகிறது என்று அவர் நம்பியிருந்தார். அதற்கு மேல் அது மகளின் கண்ணாடி. கழற்றியதும் துடைத்துச் சேலை மடிப்புக்குள் வைத்தார். மஞ்சு இரண்டு நாள் கத்தியது. பிறகு மணி கட்டிய ஒரு கயிற்றில் மனம் போய்விட்டது. குருவி மறந்த அளவுக்கு அக்கா மறக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிது வெளிச்சம். மாலை ஆறரைக்கு மெல்லிய பருத்தித் துணியால், காற்றுப் போக ஒரு பக்கம் விட்டு, கூட்டை மூட வேண்டும். விளக்கும் ரீவியும் இல்லாத உள் அறையில் வைக்க வேண்டும். காலை ஆறரைக்குத்தான் திறக்க வேண்டும். 12 மணி நேர இருட்டு. குறைந்தது சில கிழமைகளுக்கு இதைத் தவறாமல் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அப்படியானால் ஆறரையிலிருந்து நடுச்சாமம் வரை அக்கா யாரோடு கதைப்பார்? இதை நான்தான் முதலில் யோசிக்காமல் விட்டேன். மூன்றாம் நாள் போனபோது கூடு முன்னறையில் இருந்தது. மூடியிருந்த துணியில் ஒரு மூலை விலகியிருந்தது. "சும்மா ஒருக்காப் பார்த்தன்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. உளவளத்துணை பற்றி எத்தனையோ பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். ஒரு குருவியை மூடி வைத்தால் ஒரு பெண்ணுக்கு ஆறு மணி நேரத் தனிமை வரும் என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதையும் கதைத்தோம். இம்முறை மணித்தியாலக் கணக்கில் கதைத்தோம். "ஒரு ஆண் குருவியை வாங்கி விட்டா எல்லாம் சரியாகும்" என்றார் ஒருவர். சரியாகாது, இன்னும் கூடும் என்று நான் சொல்வதற்கு முன்பே, கணவனை இழந்த இன்னொரு பெண் சொன்னார்: "தனிய இருக்கிற எல்லாருக்கும் இந்த ஊர் சொல்ற மருந்து அது ஒண்டுதான்." எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான், முன்பு கோழியைப் பற்றிப் பகிடி சொன்ன அதே இளந்தாய், தன் பிள்ளைகள் இரண்டையும் பின்னேரத்தில் அக்கா வீட்டுக்குப் படிக்க அனுப்புவதாகச் சொன்னார். அவர் வீட்டில் கரண்ட் பில் கட்ட முடியாமல் இருந்தது. அக்கா வீட்டு விளக்கு எப்படியும் எரிகிறது.

என் மாதாந்த அறிக்கையில் இந்த வீட்டுத் தரிசிப்புகளை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியவில்லை. "ஏனையவை" என்று போட்டேன்.

மஞ்சு அதற்குப் பிறகு பல மாதம் முட்டை இடவில்லை. மாரி மழைக்குப் பிறகு ஒரு தடவை 4 இட்டது. அக்கா பதறவில்லை. எடுக்கவும் இல்லை. தீனிச் சட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே விட்டுவிட்டார். மூன்று கிழமையில் அது அலுத்துப்போய் எழும்பிவிட்டது. எங்கே தவறினாலும் நிற்காமல் இடுகிற குருவிகளுக்கு வெளிநாடுகளில் ஹோமோன் ஊசியும், தோலின் கீழ் வைக்கும் மருந்தும் கொடுப்பதுண்டு என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்குத் தேவை வரவில்லை.

மகளுக்கு முதலில் கோபம். "என்னோட கதைக்கிற நேரத்தில மஞ்சுவைக் காட்டாம ஏன் மூடி வைச்சிருக்கீங்க?" என்று அழுதிருக்கிறாள். அக்காவுக்கு விளங்கப்படுத்தத் தெரியவில்லை. ஓடில்லாமல் வந்த அந்த 18ஆவது முட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு "அதை நல்லா நித்திரை கொள்ள விடுங்கம்மா" என்றாளாம்.

இப்போது இரவில் அழைக்கும்போது இருவரும் மெதுவாகத்தான் கதைக்கிறார்கள். வைக்கும் முன் மகள் மஞ்சுவுக்கு என்று தனியாகக் குரல் பதிந்து அனுப்புகிறாள். காலை ஆறரைக்குத் துணியை விலக்கிவிட்டு அக்கா அதைப் போட்டுக் காட்டுகிறார். நானும் ஒருநாள் அந்த நேரத்தில் போயிருந்தேன். குவைத்தில் ஏதோ ஒரு குசினியில், பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, "மஞ்சு, மஞ்சு, சாப்பிட்டியா?" என்று ஒரு பெண் கேட்கிறாள். மஞ்சு தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு விடாமல் கீச்சிடுகிறது. அக்கா அதற்கும் தேத்தண்ணிக்குமாக அடுப்பை மூட்டப் போய்விட்டார்.